சாலையோரத்துச் சந்நிதிகள்

கரிசல் மண்ணில் பசுவந்தனை நோக்கி ஒரு யாத்திரை

“கைலாசநாதர் எங்கேயும் போகமாட்டார், ஐயா. அவரை எப்போது போனாலும் பார்க்கலாம். போகிற வழியில் இருக்கிற கல்லைத்தான் நான் ஒரு தரம் பார்க்கணும்” என்றார் அத்தை.

அத்தைக்கு இப்போது 84 வயது. கல்யாணமாகிக் கரிசல் பூமியை விட்டுப் போய் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பசுவந்தனை கைலாசநாதரையும் ஆனந்தவல்லி அம்மையையும் தரிசிக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது, கோயில் யாத்திரை என்றே நினைத்தேன். அவர் மனத்தில் இருந்தது ஒரு கல் என்று பிறகுதான் தெரிந்தது.

அவருடைய தாயார், அதாவது அடியேனுடைய அப்பத்தா, வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு காலமானவர். அப்போது அத்தைக்கு ஆறு வயது. அந்த ஆண்டுப் பருத்தி விற்ற பணத்தைக் கொண்டு, கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனைக்குச் செல்லும் சாலையோரத்தில் தாத்தா ஒரு சுமைதாங்கிக் கல் நாட்டினார். சித்திரைத் தேருக்கு வண்டி கட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அங்கே மாடுகளை நிறுத்துவாராம். அர்ச்சனைக்குக் கொண்டுபோகும் தேங்காய் பழக் கூடையை அந்தக் கல்லின்மேல் ஒரு கணம் வைத்து எடுப்பாராம். “அம்மாகிட்டே சொல்லிட்டுப் போவோம்” என்பாராம்.

கோயிலுக்குக் காரில் ஏறினால் கோபுர வாசலில் இறங்குவதுதான் இன்றைய நம் வழக்கம். இடையில் உள்ள சாலை வெறும் தொலைவு. எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்ற கணக்கு. நம் முன்னோருக்கோ வழியும் யாத்திரையின் பகுதியாகவே இருந்தது. ஒவ்வொரு கல்லிலும் ஒரு கதை. ஒவ்வொரு மண்டபத்திலும் ஒரு நேர்த்தி. அத்தையின் பொருட்டு அந்தப் பழைய முறையில் ஒரு நாள் பயணம் செய்து பார்த்தோம்.

பங்குனி மாதத்து முதல் வாரம். கோவில்பட்டியில் செண்பகவல்லி அம்மையையும் பூவனநாதரையும் காலையில் வணங்கினோம். 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இவ்வூர்க் கடலைமிட்டாயில் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டோம். வெயில் ஏறுமுன் எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் பார்த்துவிட்டு, வெயில் தாழப் பசுவந்தனைக்குச் சென்று, திரும்பும் வழியில் அத்தையின் கல்லைத் தேடுவது என்று ஏற்பாடு.

மழை இறங்கிய சாலை

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் எட்டயபுரம். இருபுறமும் கரிசல் நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் மானாவாரிப் பூமி. பங்குனியில் பருத்தி வெடித்து வெள்ளை வெள்ளையாய் நிற்கிறது. அறுவடை முடிந்த புன்செய்களிலோ கை நுழையும் அளவுக்கு நிலம் வெடித்துக் கிடக்கிறது.

இதே போன்றதொரு வறட்சியில், இந்தப் பூமியின் வழியாக ஒரு மகான் வந்தார். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர். தம் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனையில் ஆதரிக்கப்படுகிறார், அவருக்குத் திருமணமும் நிச்சயமாகியிருக்கிறது என்று கேள்விப்பட்டு அவர் புறப்பட்டு வந்த பயணம் அது. வழியில் காய்ந்த நிலமும் வாடிய குடியானவர் முகங்களும் அவர் உள்ளத்தை உருக்கின. அமிர்தவர்ஷிணி ராகத்தில் அம்பிகையை நினைந்து ‘ஆனந்தாம்ருதகர்ஷிணி’ என்ற கிருதியைப் பாட, வானம் கறுத்து மழை கொட்டியது என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் வரலாறு. மழை நிற்காமல் பெய்யவே, அதனை நிறுத்தும்படியும் அம்பிகையிடமே விண்ணப்பித்தார் என்றும் சொல்வர்.

இந்த வரலாற்றில் அடியேனை மிகவும் ஈர்ப்பது ஒன்றுண்டு. அந்தப் பாடல் எந்தச் சந்நிதியிலும் பிறக்கவில்லை. எத்தனையோ தலங்களில் இறைவன் திருமுன் நின்று பாடியவர், இங்கே நடுச்சாலையில், முகமறியாத மனிதருடைய துன்பத்தின் முன் நின்று பாடினார். அந்தச் சாலையே அன்று அவருக்குச் சந்நிதியாயிற்று.

1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில், மதுரை மீனாட்சியம்மையின் மீது தாம் இயற்றிய கிருதியைச் சீடர்கள் பாடக் கேட்டபடியே தீட்சிதர் எட்டயபுரத்தில் சித்தியடைந்தார். அவருடைய சமாதி அவ்வூரிலேயே உள்ளது. மகாகவி பாரதியார் 1882இல் பிறந்த இல்லத்தைத் தேடி வருவோர் பலர். தீட்சிதர் சமாதியை விசாரித்து வருவோர் அவ்வளவு பேர் இல்லை. அத்தை அங்கே சிறிது நேரம் கண்மூடி நின்றார். வெளியே வந்ததும் வானத்தை அண்ணாந்து பார்த்தார். “அடுத்த ஐப்பசியிலாவது நேரத்துக்குப் பெய்யணும்” என்றார். நிலத்தை விட்டு அறுபது ஆண்டுகளானாலும் கரிசல்காரரின் பிரார்த்தனை மாறுவதில்லை.

மணியோசை ஓடிய வழி

எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடி நெடுஞ்சாலையில் தெற்கே வந்து, குறுக்குச்சாலையில் திரும்பினால் ஒட்டப்பிடாரம். அதற்கு அருகில் பாஞ்சாலங்குறிச்சி. ஒட்டப்பிடாரம், 1872இல் வ.உ. சிதம்பரனார் பிறந்த ஊர். பாஞ்சாலங்குறிச்சியோ வீரபாண்டிய கட்டபொம்மனின் ஊர். 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருக்குப் பின் தம்பி ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டையும் 1801இல் வீழ்ந்து தரைமட்டமாக்கப்பட்டது. இன்று நாம் காண்பது 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. கட்டபொம்மன் வணங்கிய சக்கம்மாதேவியின் கோயிலும் இங்கே உண்டு.

கோட்டையைவிட அத்தைக்கு நினைவிருந்தது மணி மண்டபக் கதை. கட்டபொம்மன் திருச்செந்தூர் முருகனிடம் பேரன்பு கொண்டவர். அங்கே உச்சிக்கால பூசை நிறைவேறியது தெரியாமல் இங்கே அவர் உணவருந்த மாட்டாராம். திருச்செந்தூரோ சாலை வழியாக ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால். ஆகவே வழிநெடுக மண்டபங்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மணியைத் தொங்கவிட்டு ஆள் நிறுத்தியிருந்தாராம். செந்தூரில் பூசை மணி அடித்ததும் முதல் மண்டபத்து ஆள் தன் மணியை அடிப்பான்; அதைக் கேட்டு அடுத்தவன்; அவனைக் கேட்டு அதற்கடுத்தவன். இப்படியே மணியோசை கடற்கரையிலிருந்து கரிசல் காட்டுக்கு ஓடி வந்துவிடும்.

சாலையோரத்தில் தூண்கள் சாய்ந்து, முள் மண்டிக் கிடக்கும் சிறு கல் மண்டபங்களைக் காட்டி, ‘இது கட்டபொம்மன் மணி மண்டபம்’ என்று சொல்வது இப்பகுதியினர் வழக்கம். அப்படி ஒன்றின் அருகே காரை நிறுத்தினோம். உள்ளே ஒரு வெள்ளாடு நிழலுக்கு ஒதுங்கியிருந்தது. நண்பகல் நேரம்.

“இப்போ செந்தூரில் மணி அடிச்சிருக்கும்” என்று சொல்லி, அத்தை கைகுவித்தார்.

முழங்கால் வலியால் கோயிலுக்குச் செல்ல இயலாமல், வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடி தொலைவில் கேட்கும் ஆலய மணிக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்கள் மனம் இந்தக் கதையை எளிதில் அறிந்துகொள்ளும். ஆளும் பாளையக்காரராயினும் நினைத்தபோதெல்லாம் சந்நிதிக்குச் சென்றுவிட முடியாது. ஆனால் சந்நிதியின் ஓசையை இல்லத்துக்கு வரவழைத்துக்கொள்ளலாம். நடுவே நின்று மணி அடித்த அந்த ஆட்களின் பெயர் எவருக்கும் தெரியாது. அவர்களில் ஒருவன் அயர்ந்திருந்தாலும் ஓசை அங்கேயே நின்றிருக்கும் அல்லவா?

ஆவுக்கு நாட்டிய கல்

ஒட்டப்பிடாரத்திலிருந்து பசுவந்தனை செல்லும் வழியில், ஓர் ஊருணிக் கரையில் தனியே ஒரு கல் நின்றது. இடுப்புக்குச் சற்று மேலான உயரம்; நான்கு பக்கமும் கொத்திவிட்ட சொரசொரப்பு; நடுப்பகுதி மட்டும் எண்ணெய் தடவியதுபோல் வழவழப்பு. எல்லைக் கல் என்று நினைத்தேன். அத்தை சிரித்தார். “அது மாடு உரசுகிற கல்.”

ஆவுரிஞ்சு கல் என்பது அதன் பெயர். ஆவுரிஞ்சு தறி என்றும் சொல்வர். முதுகு அரித்தால் மனிதனுக்குக் கை உண்டு. பசு என்ன செய்யும்? மேய்ச்சலிலிருந்து திரும்பி நீர் குடித்த மாடுகள் உடம்பை உரசிக்கொள்வதற்கென்றே ஊருணிக் கரையிலும் மந்தைவெளியிலும் இத்தகைய கல்லை நாட்டினார்கள்.

காஞ்சியில் காமாட்சி அம்மை இருநாழி நெல் கொண்டு வளர்த்த முப்பத்திரண்டு அறங்களை நம்மில் பலர் சிறுவயதில் மனப்பாடம் செய்திருப்போம். அன்னதானமும் மருத்துவமும் அதில் உண்டு; அது வியப்பன்று. தண்ணீர்ப் பந்தல், மடம், சோலை, பசுவுக்கு வாயுறை ஆகியவற்றோடு ஆவுரிஞ்சு தறி நாட்டுவதும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. மாட்டின் முதுகு அரிப்பையும் ஒரு துன்பமாக எண்ணி, அதைத் தீர்ப்பதை அம்பிகையே செய்த அறமாக வைத்த மரபு நம்முடையது.

அந்தக் கல் சற்றே சாய்ந்திருந்தது. காரணம் மண்ணில் இருக்கிறது. மழையில் கரிசல் ஊதிப் பெருக்கும். கோடையில் சுருங்கி வெடிக்கும். ஆண்டுதோறும் இப்படி மண் அசைவதால், சுக்கான் பாறை வரை ஆழமாகக் குழி தோண்டி நாட்டாத கல் நாளடைவில் சாய்ந்துவிடும். முன்பெல்லாம் மழைக்காலம் கழிந்ததும் ஊரார் கூடி இத்தகைய கற்களை நிமிர்த்தி, மண்ணைக் கிட்டித்துவிடுவார்களாம். ஆக, ஒரு கல் நேராக நின்றால், அதை நாட்டியவர் ஒருவர் மட்டுமல்லர். ஆண்டுதோறும் நிமிர்த்தியவர்கள் பலர்.

பசு வந்தனை செய்த பெருமான்

வெயில் தாழப் பசுவந்தனையை அடைந்தோம். மேய்ச்சலுக்கு வந்த பசு, சிவலிங்கத் திருமேனியைக் கண்டு தானே பால் சொரிந்து வணங்கியது; பசு வந்தனை செய்த தலமாதலின் பசுவந்தனை என்று பெயர் பெற்றது என்பது இத்தலத்தின் பெருமை. கருவூர்ப் பசுபதீசுவரர், ஆவூர்ப் பசுபதீச்சரம் என்று பசு வழிபட்டதாகச் சொல்லப்படும் தலங்கள் சோழ நாட்டிலும் கொங்கு நாட்டிலும் உண்டு. தென்பாண்டி நாட்டின் இந்த வறண்ட மூலையில், ஊரின் பெயரே அந்த வழிபாட்டைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கைலாசநாதர் சந்நிதியில் நின்றபோது, வழியில் கண்ட ஆவுரிஞ்சு கல் நினைவுக்கு வந்தது. பசு வணங்கிய கல் கருவறையில் இருக்கிறது. பசுவுக்கென்று நாட்டிய கல் சாலையில் இருக்கிறது. முன்னதை வழிபட்டுப் பின்னதை மறக்கலாகாது என்றுதான் பெரியோர் இரண்டையும் நமக்கு வைத்துச் சென்றார்கள் போலும். பசுவுக்கு ஒரு வாய்ப் புல் அளிப்பதை எவராலும் இயலும் வழிபாடாகத் திருமூலர் வைத்ததும் இதே கருத்தில்தான்.

ஆனந்தவல்லி அம்மை சந்நிதியில் அத்தை வெகுநேரம் நின்றார். குங்குமப் பிரசாதத்தை வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார். “சித்திரைத் தேருக்கு அப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்தது இந்த வீதிதான்” என்றார். பிறகு, “இருட்டுவதற்குள் போகலாம், ஐயா” என்றார். அவர் கைவிரல்கள் லேசாக நடுங்கியதைக் கவனித்தேன்.

இறக்கி வைக்க ஓர் இடம்

சுமைதாங்கியை அறியாத இளையோர்க்காகச் சொல்கிறேன். செங்குத்தாக இரண்டு கற்கள். அவற்றின்மேல் குறுக்காக ஒரு பலகைக்கல். உயரம் சராசரி மனிதனின் தோளளவு. தலையில் பருத்திப் பொதியோ விறகுக் கட்டோ கம்பு மூட்டையோ சுமந்து தனியே நடப்பவர், அதைத் தரையில் இறக்கினால் பிறர் உதவியின்றி மீண்டும் தூக்க முடியாது. சுமைதாங்கியின் அருகே வந்தால் தலைச்சுமையை அப்படியே கல்லுக்கு நகர்த்தலாம். இளைப்பாறியபின் அப்படியே தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பேருந்தும் லாரியும் வராத காலத்தில், நிழலற்ற கரிசல் சாலைகளில் இதைவிடப் பெரிய உபகாரம் தண்ணீர் ஒன்றுதான்.

கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இதனை நாட்டுவது நம் நாட்டு வழக்கம். வயிற்றுச் சுமை இறங்காமலே போனவள் அவள். முகமறியாத வழிப்போக்கர் தம் பாரத்தை அந்தக் கல்லில் இறக்கும்போதெல்லாம் அவளுடைய பாரமும் சிறிது இறங்கும் என்பது நம்பிக்கை. மனைவியை இழந்த கணவனும் மகளை இழந்த தகப்பனும் தம் துயரத்தை ஊருக்கு உதவும் கல்லாக மாற்றினார்கள்.

கோவில்பட்டிச் சாலையில் மெல்ல வந்தோம். அத்தை சொன்ன அடையாளங்கள் ஒரு வளைவு, ஒற்றைப் பனை, ஒரு கிணறு. சாலை இப்போது அகலமாகி நேராகியிருக்கிறது. வளைவு இல்லை, பனையும் இல்லை. கிணறு என்று நினைத்து இறங்கிய இடம் ஒரு பழைய குட்டையாக இருந்தது. இரண்டு முறை முன்னும் பின்னும் சென்று பார்த்தோம். ஆடு பத்திக்கொண்டு வந்த முதியவர் ஒருவர், “கல்லெல்லாம் ரோட்டு வேலையிலே போயிருக்கும்” என்றார். அத்தை ஒன்றும் பேசவில்லை.

வேப்பமர நிழலில் ஒரு தேநீர்க் கடை. தொண்டை நனைக்க நிறுத்தினோம். கடைவாசலில், செங்கல் கட்டைகள் இரண்டின்மேல் நீளமான பலகைக்கல் ஒன்று இருக்கையாகக் கிடந்தது. “உட்காருங்க ஆச்சி” என்றார் கடைக்காரர். அத்தை உட்காரவில்லை. கல்லின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

“இந்தக் கல் ஏதுப்பா?”

“ரோட்டை அகலப்படுத்தினப்போ பள்ளத்திலே கிடந்தது, ஆச்சி. உடைச்சு ஜல்லியாக்கிருவாங்களேன்னு நாலு பேராத் தூக்கியாந்து போட்டோம். பஸ்ஸுக்கு நிக்கிறவங்க உட்காருவாங்க.”

பக்கவாட்டில் எழுத்துகள் செதுக்கியிருந்தன. பல முறை பூசிய சுண்ணாம்பு அவற்றை மூடியிருந்தது. நகத்தால் சுரண்டியதில் ‘உபயம்’ என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது. யாருடைய உபயம் என்ற இடத்தில் கல் பெயர்ந்துபோயிருந்தது.

அப்போது பேருந்து ஒன்று வந்து நின்றது. தலையில் பெரிய புல்லுக்கட்டோடு வயல்பக்கமிருந்து வந்த ஒரு பெண், பேருந்துக்கு வழிவிட்டு, கட்டை அந்தக் கல்லின்மேல் சாய்த்து இறக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அம்மாடி” என்று பெருமூச்சு விட்டாள். கடைக்காரர் ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டினார். குடித்துவிட்டு, கட்டைத் தூக்க அவரையே துணைக்கு அழைத்தாள். கல் இப்போது தோளளவில் இல்லையல்லவா? அதனால் கை கொடுக்க ஒரு மனிதர் தேவைப்படுகிறார்.

அவள் போனபின் அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஆனந்தவல்லி அம்மையின் குங்குமத்தைக் கல்லில் இட்டார். பிரசாதத் தட்டை அதன்மேல் ஒரு கணம் வைத்து எடுத்தார்.

“இதுதான் நம்ம கல்லா அத்தை?” என்று கேட்டேன்.

“தெரியலை, ஐயா. நம்ம அம்மா கல்லாக இருந்தாலும் சரி, வேறே யாரோ ஒருத்தி கல்லாக இருந்தாலும் சரி. இன்னும் சுமை வாங்கிக்கிட்டுத்தானே இருக்கா.”

கடலைமிட்டாய்ப் பொட்டலங்களில் ஒன்றைக் கடைக்காரரின் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கோவில்பட்டி வந்து சேரும்வரை வேறெதுவும் பேசவில்லை. ஆனால் கைநடுக்கம் நின்றிருந்தது.

அன்பர்களே, உங்கள் ஊர்ச் சாலையிலும் இப்படியொரு கல் சாய்ந்து கிடக்கலாம். அதன் கதையை அறிந்தவர் உங்கள் தலைமுறையில் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். அடுத்த முறை பேரன் பேத்தியருடன் கோயிலுக்குச் செல்லும்போது அங்கே சற்று நிறுத்தச் சொல்லுங்கள். அதை நாட்டியவர் யார், எதற்காக நாட்டினார் என்று சொல்லுங்கள். ஊரில் திருப்பணி நடக்கும் காலத்தில், அந்தக் கல்லையும் ஒரு முறை நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். கோபுரத்துக்கு அளிக்கும் காணிக்கையில் அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. எதுவும் இயலவில்லை என்றால், இந்தக் கோடையில் வாசலில் ஒரு மண்பானைத் தண்ணீர் வையுங்கள். மாட்டுக்கு ஒரு தொட்டி நீர் நிரப்புங்கள். பசு வணங்கிய கைலாசநாதர் அதையும் வந்தனையாக ஏற்றுக்கொள்வார்.

யாத்திரைக் குறிப்பு

தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பசுவந்தனை. ரயிலில் வருவோர் கோவில்பட்டியில் இறங்கிச் சாலை வழியாகச் செல்லலாம். எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, பசுவந்தனை மூன்றையும் ஒரே நாளில் சுற்றி வரலாம். நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் பசுவந்தனைத் தரிசனத்தைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்வது நலம். கரிசல் காட்டில் நிழல் குறைவு. முதியவர்கள் குடையும் குடிநீரும் உடன் கொண்டு செல்லவும்.